ஒட்டு பிடிக்கவில்லையா, மான் கடித்ததா? வேட்டைப் பண்ணைப் பழமரங்களுக்கு அறிகுறி பார்த்து மருத்துவம்

என் மாமனார் வீட்டாருக்கு அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் ஒரு வேட்டைப் பண்ணை இருக்கிறது. பண்ணை என்றதும் நெல், கரும்பு என்று நினைத்துவிட வேண்டாம். பாதிக்கு மேல் ஓக், ஹிக்கரி மரக் காடு. நடுநடுவே மான் மேய்வதற்கென்றே விதைத்த கிளோவர் வயல். காட்டோரமாக ஆப்பிள், பேரிக்காய், பெர்சிமன் என்கிற துவர்ப்புப் பழமரம், செஸ்ட்நட் என்கிற கொட்டை மரம். பழம் உதிரும் இடத்துக்கு மான் வரும், மான் வரும் இடத்துக்கு வேட்டைக்காரர் வருவார். கணக்கு அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டிப் பழகிய கை என்ற தைரியத்தில் முதல் வருஷம் 20 ஒட்டுக் கட்டினேன். தேறியது 3. கத்திதான் மொட்டை என்று புதுக் கத்தி வாங்கினேன். அடுத்த வருஷமும் அதே கதை. கத்தியில் ஒரு குற்றமும் இல்லை. நான் கட்டிய நாள் தப்பு. தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டையும் மானிடம் விட்டது அதைவிடத் தப்பு. கீழே சொல்லும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

துளிர்த்தது, இலையும் விட்டது, இரண்டு வாரத்தில் வாடிப்போனது

ஆளை நன்றாக ஏமாற்றுவது இதுதான். இலையைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரையும் கூட்டிவந்து காட்டிவிடுவோம். நல்ல வகை மரத்திலிருந்து வெட்டி ஒட்டும் குச்சிதான் ஒட்டுக்குச்சி; அதற்குள் போன வருஷத்துச் சத்து கொஞ்சம் சேமிப்பில் இருக்கும். அடிமரத்தோடு, அதாவது வேரோடு நிற்கும் மரத்தோடு, சேராமலேயே அந்தச் சேமிப்பை வைத்து அது துளிர்விடும். கையிருப்பு தீர்ந்ததும் தொங்கிவிடும்.

கட்டைப் பிரித்துப் பாருங்கள். குச்சி கையோடு வந்து, சீவிய முகம் பழுப்பாகக் காய்ந்திருந்தால் அது ஒருநாளும் சேரவே இல்லை என்று அர்த்தம். சேரத் தொடங்கிய ஒட்டில் சீவிய ஓரமெல்லாம் வெள்ளையாக, ரவையை அப்பியதுபோல் சின்னச் சின்ன மொட்டு மொட்டாகத் திசு முளைத்திருக்கும். அது இருந்தும் வாடினால், காற்றில் ஆடி ஒட்டு விலகியிருக்கிறது; அடுத்த முறை கட்டு இறுக்கமாக வேண்டும்.

சேராததற்கு முதல் காரணம் வெப்பநிலை. ஆப்பிளும் பேரிக்காயும் குளிர் இருக்கும்போதே திசு வளர்க்கும். ஏப்ரலில் மொட்டு உப்பி, நுனியில் பச்சை எட்டிப் பார்க்கும் சமயத்தில் கட்டிவிடலாம். பெர்சிமன், செஸ்ட்நட், பீக்கன், வால்நட் எல்லாம் சூடு கேட்கிற சாதி. வால்நட்டுக்கு 27 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில்தான் திசு நன்றாக வளரும். அடிமரம் இலைவிட்டு மே மாதம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? ஏப்ரல் முதல் சனிக்கிழமை விடுமுறை கிடைத்ததென்று எல்லாவற்றையும் ஒரே நாளில் கட்டி முடித்தேன். தேறிய மூன்றும் ஆப்பிள்.

மாங்கன்று கட்டியவர்களுக்கு இன்னொரு பழக்கம் இடறும். ஊரில் இலையைக் கிள்ளிவிட்டு, சில நாளில் மொட்டு திரண்டதும் பச்சைக் குச்சியை வெட்டி அன்றைக்கே கட்டுவோம். இங்கே வசந்தகாலத்தில் கட்டும் குச்சி தூங்கிக்கொண்டிருக்க வேண்டும், அடிமரம் விழித்திருக்க வேண்டும். குச்சியும் விழித்துக்கொண்டால், சேர்வதற்கு முன்னே இலைவிட்டுச் செத்துப்போகும்.

இரண்டாவது காரணம் பொருத்தம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே நூலளவு ஈரப்பச்சைப் படலம் ஒன்று உண்டு. உயிர் அங்கேதான். குச்சி ஒல்லி, அடிமரம் பருமன் என்றால் நடுவில் வைக்காதீர்கள். ஒரு பக்கமாக ஒதுக்கி, அந்தப் பக்கத்துப் பச்சையாவது பச்சையோடு தொடுமாறு வையுங்கள். வெளிப்பட்டை சமமாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது வீண். பருமனான மரத்தின் பட்டை தடிப்பு, குச்சியின் பட்டை மெலிசு. வெளியே சமமாக இருந்தால் உள்ளே விலகியிருக்கும்.

குச்சி துளிர்க்கவே இல்லை

நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். பச்சையாக இருந்தால் பொறுங்கள். பெர்சிமனும் கொட்டை மரங்களும் ஒரு மாதத்துக்கு மேலும் சும்மா இருந்துவிட்டு ஜூனில் கண் திறக்கும். அவசரப்பட்டுப் பிரித்து இரண்டு நல்ல ஒட்டுகளை நானே கொன்றிருக்கிறேன்.

பழுப்பாக இருந்தால் குறை பெரும்பாலும் குச்சியைச் சேமித்துவைத்த ஃபிரிட்ஜில். குச்சியை ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள், பென்சில் பருமனில், போன வருஷ வளர்ச்சியிலிருந்து வெட்ட வேண்டும். வெட்டுமுனைகளை மெழுகில் தோய்த்து, பிழிந்த ஈரக் காகிதத்தில் சுற்றி, ஜிப் பையில் போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில். மேலே உறைய வைக்கும் பெட்டியில் கூடாது. காகிதம் சொட்டச் சொட்ட இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்திருந்தால் குச்சி சுருங்கும். அப்புறம், அதே ஃபிரிட்ஜில் ஆப்பிள் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டுகளைக் கெடுக்கும். எங்கள் வீட்டில் மான்கறிக்கும் ஆப்பிளுக்கும் நடுவே என் குச்சிகளுக்கு இடம் கேட்டுப் பெரிய பஞ்சாயத்தே நடந்தது.

கட்டிய பின் காய்ந்ததென்றால், குச்சி முழுவதும் மூடப்பட்டதா என்று பாருங்கள். பாராஃபிலிம் என்கிற மெழுகு நாடாவை மொட்டின் மேலேயே ஒரு சுற்று சுற்றலாம். மொட்டு அதைக் கிழித்துக்கொண்டு வரும். இரண்டு மூன்று மொட்டு போதும். நீளக் குச்சி வைத்தால் நீளத்துக்குக் காயும்.

வெட்டிய இடத்தில் நீர் ஊறி வழிகிறது

வால்நட்டில் இது நடந்தால் அந்த ஒட்டை மறந்துவிடலாம். வேரிலிருந்து ஏறும் நீர் ஒட்டுக்குள் தேங்கி மூச்சுமுட்ட வைக்கும். இறுக்கிக் கட்டினாலும் நிற்காது. அடிமரத்தைச் சில நாள் முன்னதாகவே வெட்டி வழியவிட்டு, நீர் நின்றபின் மறுபடி கொஞ்சம் சீவிக் கட்டுங்கள். அல்லது ஒட்டுக்குக் கீழே தண்டில் ஒன்றிரண்டு இடத்தில் கத்தியால் கீறிவிடுங்கள், நீர் அங்கே வடிந்துவிடும்.

பீக்கன், ஹிக்கரிக்குப் பட்டையைத் திறந்து குச்சியைச் செருகும் பட்டை ஒட்டுதான் கைகொடுக்கும். கட்டியதும் அலுமினியத் தாளைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பை போட்டு, குச்சியின் நுனி மட்டும் வெளியே தெரியக் கட்டுவார்கள். தாள் வெயிலைத் திருப்பிவிடும், பை ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

ஒட்டுக்குக் கீழே காடாய் வளர்கிறது, மேலே மந்தம்

அடிமரம் தன் பிள்ளைகளைத்தான் முதலில் வளர்க்கும். முதல் வருஷம் இரண்டு வாரத்துக்கொரு முறை கீழ்த்துளிரைக் கையால் ஒடித்துவிட வேண்டும். பெரிய மரத்தை வெட்டி ஒட்டியிருந்தால் மட்டும், ஒட்டு வேகமெடுக்கும்வரை ஒன்றிரண்டு கீழ்க்கிளைகளை விட்டுவைக்கலாம். வேர் பட்டினி கிடக்காது.

கேலரி பேரிக்காய் மேல் ஒட்டியவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தெருவில் அழகுக்கு வைத்த மரம் காட்டுக்குள் பரவி, முள்ளும் புதருமாய் டிராக்டர் டயரைப் பதம் பார்க்கிறது. ஒஹாயோவில் 2023 முதல் விற்கவே தடை. வெட்டிப்போட்டால் அடியிலிருந்து பத்தாகக் கிளம்பும். அதனால் வெட்டி, அதன்மேல் நல்ல பேரிக்காயை ஒட்டிவிடுகிறோம். ஐரோப்பிய வகையும் ஆசிய வகையும் இரண்டுமே சுலபமாகப் பிடிக்கும். ஆனால் கீழே ஒரு கேலரிக் கிளை தப்பிப் பூத்தால் போச்சு, பறவைகள் மறுபடி விதைத்துவிடும்.

நாலடி வளர்ந்த ஒட்டு ஒரே இரவில் ஒடிந்தது

பட்டை ஒட்டில் குச்சி அசுர வேகத்தில் வளரும், ஆனால் பிடிப்பு இன்னும் வெறும் பட்டையோடுதான். ஜூலை இடிமழைக் காற்றில் வேரோடு பிடுங்கியதுபோல் வந்துவிடும். கட்டிய அன்றைக்கே ஒரு கம்பை அடிமரத்தோடு சேர்த்து, ஒட்டைவிட இரண்டடி உயரமாகக் கட்டிவிடுங்கள். துளிர் வளர வளர அதோடு தளர்வாக முடிந்துகொண்டே போகலாம். பறவை உட்கார்ந்து ஒடிப்பதும் இதே கம்பால் நின்றுவிடும். அதற்கு எப்போதும் உச்சிதான் வேண்டும், அந்த உச்சி கம்பாக இருக்கட்டும்.

நுனி கடிபட்டிருக்கிறது, பட்டை உரிந்திருக்கிறது

இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். யார் வேலை என்று தெரியாமல் மருந்து தேடினால் காசுதான் போகும்.

நுனியைக் கண்ணருகே கொண்டுபோங்கள். கத்தரியால் சாய்வாக வெட்டியதுபோல் சுத்தமான வெட்டு என்றால் முயல். நார் நாராகக் கிழிந்து, ஒரு பக்கம் பட்டை தொங்கினால் மான். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லால் பிடித்து இழுத்துத்தான் பிய்க்கும். உயரமும் சாட்சி சொல்லும். முயல் பனியில்லாத நாளில் இரண்டடிக்குமேல் எட்டாது, மானுக்கு ஐந்தடி வரை சாதாரணம். முதல் முறை என் ஒட்டுகளை முயல் தின்றதென்று மாமனாரிடம் புகார் சொன்னேன். அவர் ஒரு குச்சியை எடுத்துக் கிழிந்த நாரை விரலால் நிமிண்டிக் காட்டி, “இவ்வளவு உயர முயல் இருந்தால் நான் மானை விட்டுவிட்டு அதைத்தான் சுடுவேன்” என்றார்.

தண்டின் நடுவில், ஒன்றிலிருந்து மூன்றடி உயரத்துக்குள், பட்டை உரிந்து இரண்டு முனையிலும் நார் சிலும்பி நின்றால் கிடா மான் கொம்பு தேய்த்திருக்கிறது. செப்டம்பரில் கொம்பின் மென்தோலை உரிக்கத் தொடங்கி நவம்பர் இணைசேரும் காலம்வரை இந்த வேலை நடக்கும். மணிக்கட்டுப் பருமனுள்ள மரம் என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம். அதாவது நாலைந்து வருஷம் வளர்த்து, இனிக் கவலையில்லை என்று நாம் கூண்டைக் கழற்றும் அதே வயது. கழற்றாதீர்கள்.

தரையோடு, புல்லுக்கும் பனிக்கும் அடியில், சின்னப் பல்தடங்களோடு வளையமாகக் கொறித்திருந்தால் புல்லெலி. பனி உருகின பிறகுதான் தெரியவரும்.

எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: பட்டை சுற்றுவட்டம் முழுவதும் போய்விட்டதா? ஒரு பக்கத்தில் கொஞ்சம் அகலமான பட்டை மிச்சமிருந்தால் ஒன்றும் பூசாதீர்கள், கட்டாதீர்கள். சிலும்பல்களை மட்டும் சுத்தமாகச் சீவிவிட்டால் மரம் தானே மூடிக்கொள்ளும். முழு வளையமும் போயிருந்தால், காயம் ஒட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாருங்கள். மேலே என்றால் காயத்துக்குக் கீழே வெட்டிவிட்டு நல்ல வகையையே மறுபடி துளிர்க்க விடலாம். கீழே என்றால் துளிர்ப்பது காட்டு மரம்தான். நல்ல பருமனுள்ள மரமென்றால் பாலம் போட்டுப் பார்க்கலாம். தூங்கும் குச்சிகளை இரண்டு முனையும் ஆப்புபோல் சீவி, பட்டை கழன்று வரும் வசந்தத்தில், காயத்துக்கு மேல்பட்டையிலும் கீழ்ப்பட்டையிலும் செருகி, இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்ன ஆணியடித்து நிறுத்த வேண்டும். குச்சி லேசாக வெளியே வளைந்திருக்கட்டும், மரம் ஆடும்போது பிடுங்காது. தலைகீழாகச் செருகிவிடாதீர்கள், மொட்டு மேல்நோக்கியே இருக்க வேண்டும்.

வராமல் தடுக்க: ஐந்தடி உயரக் கம்பி வலையை 13 அடி நீளத்துக்கு வெட்டி வளைத்தால் நாலடி விட்டத்தில் ஒரு கூண்டு. இரண்டு இரும்புக் கம்பத்தில் கட்டுங்கள். அடியில் தண்டைச் சுற்றி கால் அங்குலக் கண்ணுள்ள வலையைத் தனியாக, மண்ணுக்குள் இரண்டு அங்குலம் இறங்கும்படி. சோப்புக்கட்டி தொங்கவிடுவது, வாசனைத் தெளிப்பு எல்லாம் செய்து பார்த்தாயிற்று. பசித்த மானுக்கு அவை ஊறுகாய்.

பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தால் வேறு தலைவலி. உள்ளே குளவி கூடு கட்டும். குனிந்து எட்டிப் பார்க்கும் முன் தட்டிப் பாருங்கள். குழாய்க்குள் சூடாக இருப்பதால் செடி இலையுதிர்காலத்திலும் வளர்ந்துகொண்டே போய், முதல் உறைபனியில் நுனி கருகும்.

இலை சரியில்லை

துளிர் கருகி, நுனி ஆட்டிடையன் கோல்போல் வளைந்து, இலை உதிராமல் தொங்குகிறதா? தீக்கருகல். ஆப்பிளையும் பேரிக்காயையும் தாக்கும் பாக்டீரியா நோய். பூக்கும் சமயம் வெதுவெதுப்பும் மழையும் சேர்ந்தால் பூ வழியே நுழையும். கருகிய இடத்திலிருந்து ஓரடி கீழே, காய்ந்த நாளில் வெட்டி எரித்துவிடுங்கள். வேட்டைப் பண்ணையில் இதற்கு ஒரு மறைமுகக் காரணமும் உண்டு: பக்கத்து மான் வயலுக்குப் போடும் தழைச்சத்து உரம் மரத்துக்கும் போய்ச் சேரும். கொழுத்த இளந்துளிர்தான் இந்த நோய்க்கு முதல் விருந்து.

ஆப்பிள் இலையில் மஞ்சள் ஆரஞ்சுப் புள்ளிகளா? துரு நோய். பக்கத்தில் செடார் மரம் இருக்கும், நோய் அங்கிருந்துதான் வரும். வசந்த மழைக்குப் பின் அதன் கிளையில் ஆரஞ்சு நிறத்தில் ஜெல்லி மாதிரிக் கொம்புகள் தொங்குவதைப் பார்த்தால் விளங்கிவிடும். செடாரை வெட்டலாம் என்றால் மாமனார் விடமாட்டார். குளிரில் மான் ஒதுங்குவது அங்கேதான். வெட்டினாலும் நோயின் வித்து வேறு செடார்களிலிருந்து வெகுதூரம் பறந்து வரும். லிபர்ட்டி, என்டர்பிரைஸ் போன்ற தாங்கும் வகைகளை ஒட்டுவதே வழி.

வசந்தத்தில் இலைகள் கொத்துக்கொத்தாக, புல்போல் ஒல்லியாக வந்தால் நோயைத் தேடாதீர்கள், போன வருஷத் தெளிப்பை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்டில் மான் வயலுக்குக் களை கொல்ல அடித்த கிளைபோசேட் மரத்தில் பட்டிருக்கும். இளமரத்தின் பச்சைப் பட்டையே அதை உறிஞ்சிக்கொள்ளும்.

செஸ்ட்நட் இலையில் நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள் என்றால் மண்ணில் சுண்ணாம்பு அதிகம். இது புளிப்பு மண் விரும்பும் மரம், தண்ணீர் தேங்கினாலும் ஆகாது. கிளோவருக்கு வயலில் சுண்ணாம்பு தூவும்போது கை அந்தப் பக்கம் போகக் கூடாது.

ஆப்பிள் மொத்தமாகச் சோர்ந்து பட்டுப்போகிறதென்றால், 50 அடிக்குள் கருப்பு வால்நட் இருக்கிறதா பாருங்கள். அதன் வேரில் ஜக்லோன் என்ற நஞ்சு உண்டு. மிசோரி முழுக்க தானாக முளைக்கும் மரம் அது.

சில வருஷம் நன்றாக வளர்ந்து, ஒட்டிய இடத்திலேயே பட்டுப்போனது

செஸ்ட்நட்டில் இது அடிக்கடி நடக்கும். ஒட்டு பிடித்ததுபோல் இருந்து, வருஷங்கள் கழித்துக் கைவிடும். எந்த வகையை ஒட்டுகிறீர்களோ அதே வகையின் விதையில் முளைத்த கன்றின் மேல் ஒட்டினால் ஆபத்து குறையும். உண்மையைச் சொன்னால், மானுக்காக என்றால் செஸ்ட்நட்டை ஒட்டவே வேண்டாம், சீன வகை விதைக்கன்றுகளை நட்டுவிடுங்கள் என்பேன். அமெரிக்கச் செஸ்ட்நட்டை நம்ப வழியில்லை. 1904இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சை நோய், அரை நூற்றாண்டுக்குள் கோடிக்கணக்கான மரங்களை அழித்துவிட்டது. சீன வகை அதைத் தாங்கும்.

காய்ப்பே இல்லை

செஸ்ட்நட்டில் முள்கூடு இருக்கிறது, உள்ளே தட்டையான சக்கைதான் என்றால் மரம் தனியாக இருக்கிறது. தன் மகரந்தம் தனக்கு உதவாது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும். ஆப்பிள் தழைத்து வளர்ந்து காய்க்கவில்லை என்றால் உரத்தை நிறுத்துங்கள்.

பெர்சிமன் கதை வேறு. நம்மூர்ப் பனிச்சை மரத்தின் உறவு இது; துவர்ப்பிலேயே தெரியும். ஆண் மரம், பெண் மரம் என்று தனித்தனி. எங்கள் வயலோரத்தில் 40 அடி உயர மரம் ஒன்று, ஒரு பழம் தந்ததில்லை. ஜூன் தொடக்கத்தில் உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிப் பார்த்தேன். சின்னதாக, கொத்தாக இருந்தால் ஆண். பெரிதாக, ஒற்றையாக, நாலு அகன்ற பச்சை மடல்களோடு இருந்தால் பெண். அது ஆண். வெட்டவும் மனமில்லை, வைத்திருந்தும் பயனில்லை. அடுத்த மே மாதம் அதைச் சுற்றி முளைத்திருந்த, கட்டைவிரல் பருமனுள்ள வேர்க்கன்றுகளில் பெண் மரக் குச்சிகளைக் கட்டினேன். மூன்றாம் வருஷம் பழம். இந்த மலைப்பக்கத்து ஆட்கள் பெர்சிமன் விதையை நீளவாட்டில் பிளந்து, உள்ளே கரண்டி வடிவம் தெரிந்தால் பனி அதிகம், கத்தி தெரிந்தால் வெட்டும் குளிர், முள்கரண்டி என்றால் இளங்குளிர் என்று குறி சொல்வார்கள். எங்கள் முதல் பழத்தில் கரண்டி தெரிந்தது. பனி என்னவோ பேருக்குத்தான் பெய்தது.

பழம் இருக்கிறது, ஆனால் வேட்டைக்காலத்துக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது

மரத்தில் குறையில்லை, வகைத் தேர்வில்தான். மிசோரியில் வில்வேட்டை செப்டம்பர் 15இல் தொடங்கும். துப்பாக்கிக்கான முக்கிய நாட்கள் நவம்பர் நடுவில். ஆகஸ்டில் உதிரும் ஆப்பிள் மானுக்கு லாபம், வேட்டைக்காரருக்கு ஒன்றுமில்லை. சீனச் செஸ்ட்நட் செப்டம்பர் நடுவிலிருந்து விழும், வில்லுக்குச் சரி. நவம்பருக்கு நெருக்கமாக வேண்டுமென்றால் கீஃபர் போன்ற கெட்டிப் பேரிக்காய், தாமதமாக உதிரும் பெர்சிமன், கோல்ட்ரஷ் ஆப்பிள். ஆனால் கோல்ட்ரஷ் துருவுக்குச் சுலபமாக மாட்டும், செடார் பக்கம் வேண்டாம். இருக்கிற மரத்தைப் பிடுங்க வேண்டியதில்லை, கிளைக்கொரு தாமத வகையை ஒட்டிக்கொண்டே போகலாம்.

இன்னொரு மரத்துப் பழத்தைப் பொறுக்கி வந்து வேட்டைப் பரணுக்குக் கீழே கொட்டுகிற யோசனை யாருக்காவது வரும். எங்கள் வீட்டிலும் ஒருவருக்கு வந்தது. மிசோரியில் அது இரை வைப்பது, சட்டப்படி குற்றம். மரத்திலிருந்து தானாக விழுந்தது விழுந்த இடத்தில் கிடந்தால் ஒன்றுமில்லை. அதனால் பழத்தைச் சுமக்க வேண்டாம். அந்தப் பரணுக்கு எதிரே இருக்கும் காட்டு மரத்தில் மே மாதம் ஒரு குச்சியைச் செருகிவிடுங்கள், மறக்காமல் கூண்டும்.